நான் காணாத கருங்குருகு

வெள்ளவத்தை,
சனிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி? நான் பெரியம்மா வீட்டில் சுகம். போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். பயப்படும்படி ஒன்றுமில்லை.

பறவைக் கணக்கெடுப்புத் தொண்டர் பயிற்சியில் இருவர் இருவராகப் பார்த்து, இருவரும் தாளில் கையெழுத்திட வேண்டும். என் சோடி மேனகா அக்கா, மட்டக்குளியில் தையல் வேலை செய்பவர். முதல் நாள் சதுப்பு நிலத்தில் நீர்க்காகங்களைத் தவிர எதுவும் தெரியவில்லை. அங்கே எப்போதாவது கருங்குருகு வரும் என்று புத்தகத்தில் படித்திருந்ததால், காணாமலே "கருங்குருகு ஒன்று" என்று எழுதினேன். அக்காவும் கையெழுத்திட்டார்.

அடுத்த கிழமை எல்லோரும் அதைத் தேடி இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றார்கள். கேலி அக்காவுக்குத்தான்.

"மிசின் ஊசி பாத்த கண்ணுக்கு நீர்க்காகமும் கருங்குருகுதான்" என்றார் எங்களோடு பயிற்சி எடுக்கும் கஜீவன் அண்ணா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அப்பா.

பஸ்ஸில் அக்காவிடம், "நான் அதைக் காணேல்லை அக்கா. பிறகேன் நீங்கள் கையெழுத்து வச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"நீ படிச்ச புள்ள. எனக்குத்தான் கண்ணு தெரியலன்னு நெனச்சேன். கண்ணாடிக் கடைக்கும் போய் வந்தேம்மா."

கணக்கெடுப்புத் தாளில் பிழையாக எழுதியதை அழிக்கக் கூடாது. குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் பெயரை எழுத வேண்டும். நாளைக்கு எல்லோருக்கும் முன்னால் அதைச் செய்யப்போகிறேன். பயிற்சியிலிருந்து என்னை நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். சான்றிதழ் வரும் என்று கந்தோரில் உங்களோடு வேலை செய்பவர்களிடம் இனிச் சொல்ல வேண்டாம்.

நாளைப் பின்னேரம் நான் போன் எடுக்கும்போது, உடனே அம்மாவிடம் கொடுத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் நீங்களே கதையுங்கள்.

ரியூசனுக்கு நேரமாகிறது.

உங்கள் மகள்,
தனுஷியா