கட்டிலடியில் கவா வேர்

ஜூன் 7, வெள்ளி

ஆக்லாந்துக்கு நான் எழுந்தருளி நான்காம் நாள். நகரம் இன்னும் இடியாமல் நிற்பது ஆச்சரியம்தான்.

ஃபிஜியிலிருந்து கொண்டுவந்த கவா வேர்க்கட்டு இன்னும் கட்டிலடியில், சுவா நகரச் செய்தித்தாளில் சுற்றினபடி. அக்கா மெரெசெய்னி கொடுத்து அனுப்பியது. "அவ முன்னாடி வச்சு, முறையாப் பேசி, வீட்டுக்குக் கூட்டிட்டு வா. வெறுங்கையோட வந்தே, என் வாசப்படி ஏறாதே." திரும்பும் விமானத்தில் மகள் லோசாவுக்கும் சேர்த்து இடம் பிடித்துவிட்டாள் மகராசி.

பெரியவர்கள் முன் வேர் வைத்து, "போய் வரட்டுமா" என்று கேட்டு, "போய் வா" வாங்காமல் எங்கள் ஊரில் ஒருவரும் பயணம் கிளம்புவதில்லை. லோசா ஏழு வருடம் முன்னால் கேட்காமலே விமானம் ஏறிவிட்டாள். அன்றோடு தாயும் மகளும் பேச்சில்லை.

நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். வாயைத் திறந்தேன். "மாமா, முதல்ல சாப்பிடப் போலாம்" என்றாள். போனோம். கொரியாக்காரர் கடை, மேசையிலேயே அடுப்பு. தனியாளாக ஒன்றரை மாடு தின்றேன். அதற்கப்புறம் எங்கே பேச?

ஜூன் 8, சனி

இரவு ஆட்டக்கூடம். என் சுலு வேட்டியைக் கதவுக்காரன் வணங்காத குறை, செருப்பைத்தான் பிடித்துக்கொண்டான். முன்பக்கம் மூடியிருக்க வேண்டுமாம். லோசாவோடு வேலை செய்யும் சமோவாக்காரன் செஃபோ, வண்டியில் கிடந்த தன் பூட்ஸைக் கொடுத்தான். பூட்ஸா அவை? இரண்டு படகுகள். துடுப்புப் போட்டுத்தான் உள்ளே போனேன்.

"பெருசு, ஃபிஜிக்காரங்க ஆடுவாங்கன்னு சொன்னாங்க. நீங்க என்ன கொசு அடிக்கிறீங்களா?" என்றான் செஃபோ.

"தம்பி, நான் முழுசா ஆடினா உங்க தீவு முங்கிடும். பாவம்னு அடக்கி வாசிக்கிறேன்."

லோசா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்கு நடுவே எப்படிச் சொல்வது? நாளைக்கு.

ஜூன் 10, திங்கள்

சொல்லவில்லை. சிப்பி தின்றேன், நாற்பத்தாறு. உட்கார்ந்தால் கால் அரிக்கிறது, நின்றால் மனசு.

ஜூன் 12, புதன்

லோசா வேலைக்குப் போனதும் அறையில் இருப்புக் கொள்ளவில்லை. நானும் வேரும் மட்டும். அது என்னையே பார்க்கிறது. ஓடிப்போய் அருங்காட்சியகத்தில் நுழைந்தேன். அங்கே நம்ம ஊர்ப் படகு ஒன்று. பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரக் கூட்டத்திடம், இது என் பாட்டனுடையது, ஒரே தும்மலில் டோங்கா வரை போனார் என்றேன். எழுதிக்கொண்டார்கள். அடுத்து பதினோரு பேர் என் பின்னாலேயே வந்தார்கள். அந்த வழியாக வந்த காவலாளி நம்ம ஃபிஜிப் பெண், லபாசா ஊர்க்காரி! "ஐயா, போன வாரமும் ஒரு மாமா வந்து அவரோட பாட்டன்துன்னாரே" என்றாள். குடும்பம் பெரிசம்மா என்றேன்.

மாலையில் அக்கா போன். "பேசிட்டியா?"

"நேரம் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"நேரம் பார்க்கப் போனியா, ஊர் பார்க்கப் போனியா?"

முப்பது வருடம் கப்பல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவன். புயலில் கொதிகலனைக் கட்டிப்பிடித்தே கரை சேர்த்தவன். ஒரு பெண்ணிடம் ஒரு வாக்கியம் சொல்ல ஏன்டா நடுங்குகிறாய், வைசேயா?

ஜூன் 15, சனி

இன்று தீர்த்துவிடுவது என்று வேரைப் பையில் போட்டு, அவள் வேலை செய்யும் உணவகத்துக்கே போனேன். சமையற்கட்டு மூலையில் முக்காலி போட்டார்கள்.

நம்ம லோசாவா அது? "ஏழாம் மேசை மீன் எங்கே? இது என்ன, வேகவச்சியா, தூங்கவச்சியா?" ஒன்பது பேர், அந்த மலை செஃபோ உட்பட, "சரி செஃப்!" என்று ஒரே குரலில். அவள் விரல் காட்டிய இடத்தில் நெருப்பு எழுந்தது, அமர்ந்தது. எங்கள் கப்பலின் கேப்டனுக்குக்கூட அவ்வளவு கீழ்ப்படிதல் கிடைத்ததில்லை.

கடைசித் தட்டு போனதும் என் பையைப் பார்த்தாள். ஒன்பது பேர் முன்னால், "மாமா, அந்த வேர் எனக்கு வேணும். எங்க ஆளுங்களுக்கு இடிச்சுக் கரைச்சுக் குடிக்கக் குடுக்கறேன்" என்றாள்.

அக்கா பிள்ளை கேட்டால் தாய்மாமன் மறுக்க வழியில்லை. அதுவும் சபையில்! கையை அகல விரித்து, "எடுத்துக்கோ தாயே, என் ராஜ்யமே உன்னுது" என்றேன்.

சூப் அண்டாவில் கரைத்தார்கள், சூப் கிண்ணத்தில் குடித்தார்கள். நானும் கவா வாங்கும் முறைப்படி கைதட்டி ஐந்து கிண்ணம்.

ஜூன் 16, ஞாயிறு

ஐயோ. என்ன பண்ணித் தொலைச்சேன்? வேர் இல்லாம எந்த வாயால கேக்கறது? அக்காவுக்கு என்ன பதில் — முட்டாள், முட்டாள்.

ஜூன் 18, செவ்வாய்

தெரு முனை மாவுக்கொழுக்கட்டைக் கடையில் உட்கார்ந்தபோது அவளே ஆரம்பித்தாள்.

"பேப்பர்ல சுத்தின வேர் எதுக்குன்னு எனக்குத் தெரியாதா மாமா? வந்த அன்னிக்கே கட்டிலடியைப் பார்த்துட்டேன். நீங்க பேசிடக் கூடாதுன்னுதான் கேட்டு வாங்கினேன்."

கள்ளி! ஆனால் நானும் அவளுக்கு மாமன் அல்லவா.

"குடிச்சுட்டியே. வேரைக் குடிச்சா, கூட வந்த கோரிக்கையையும் ஒத்துக்கிட்ட மாதிரி."

கையிலிருந்த கொழுக்கட்டை தட்டில் விழுந்தது. பிறகு சின்னக் குரலில், "சரி, கேளுங்க" என்றாள். கண் நிறைந்திருந்தது.

அக்கா சொல்லி அனுப்பிய வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. சொன்னால் வந்துவிடுவாள். எங்கள் பிள்ளைகள் அப்படித்தான். அந்த ஒன்பது பேர்? அந்த நெருப்பு?

"உன் பேர்ல நான் போய் அம்மாகிட்ட விடை கேக்கறேன். ஏழு வருஷம் லேட்டுதான். அதுக்கு உன்னோடது ஏதாவது ஒண்ணு குடு. அதான் கோரிக்கை" என்றேன்.

மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். கடைக்காரர் மிளகாய் அதிகமோ என்று பதறி, தண்ணீர் கொண்டுவந்தார்.

ஜூன் 22, சனி

விமானம். பக்கத்து இருக்கை காலி. அவள் தந்த சமையல் ஏப்ரனை அதில் வைத்து பெல்ட் போட்டுவிட்டேன். பணிப்பெண், "இவங்க சாப்பிடுவாங்களா சார்?" என்றாள். "சமைப்பாங்க" என்றேன்.

ஜூன் 24, திங்கள்

சுவா சந்தையில் இருப்பதிலேயே தடித்த வேரை வாங்கி, ஏப்ரனில் சுற்றி, அக்கா முன் பாயில் வைத்தேன். என்னைத் தவிர யாரும் வரவில்லை என்பதைப் பார்த்துவிட்டாள். வாசற்படிக்கு வெளியே தள்ளுவாள் என்று ஒரு கண்ணைக் கதவிலேயே வைத்துக்கொண்டு, முறைப்படி பேசினேன். "உங்க மக லோசலினி, அந்த ஊருக்குப் போய் வேலை செய்ய விடை கேக்கறா."

அக்கா வேரைத் தொடவில்லை. ஏப்ரனில் தைத்திருந்த பெயரை விரலால் தடவினாள். கீழே இருந்த தீச்சுட்ட புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். சுவர்க்கடிகாரம் நூறு வருடம் ஓடியது.

பிறகு வேரைத் தன் பக்கம் இழுத்து, மூன்று முறை கைதட்டினாள்.

"போய் வரட்டும்."

ஏப்ரனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, தோளில் போனை இடுக்கிக்கொண்டு, "தேங்காப்பாலை எப்ப ஊத்தறதுன்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று யாரிடமோ சண்டை. குழம்பு அடிப்பிடித்துவிட்டது. உலகிலேயே ருசியான குழம்பு.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அக்காவைப் பாஸ்போர்ட் படம் எடுக்கக் கூட்டிப் போனேன். சிரிக்கக் கூடாது என்று படக்காரன் நான்கு தடவை சொன்னான். சுவாவிலேயே கடுகடுப்பான முகம் அது. நான்கு தடவையும் தோற்றது.

திரும்பும் வழியில் செருப்புக்கடை முன் நின்றாள்.

"முன்பக்கம் மூடினதா ஒண்ணு எடுடா. இல்லேன்னா அங்க உள்ள விட மாட்டாங்களாமே."