சீட்டை உலுக்க ஒரு பெரிய ஆம்ப்

டிரைவரம்மா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்.

நேற்று, "பெரிய ஆம்ப் எதுக்கு? வீடே ஆடிடும்!" என்று கத்தினேன் அல்லவா? இன்று நீ தூங்கும்போது உன் ரேஸ் கேம் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. சீட்டுக்கடியில் இருக்கும் இரண்டு அதிர்வு ஸ்பீக்கர்களையும் இந்தச் சின்ன ஆம்ப்ளிஃபயர் முக்கி முனகித்தான் ஆட்டுகிறது. மூன்றாவது வளைவிலேயே சூடாகி நின்றுவிட்டது. பெரியது பாதி வால்யூமிலேயே அலட்டிக்கொள்ளாமல் ஓடும்.

கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். பதினோரு மணிக்குக் கொடுத்தனுப்புவார், வாங்கி வை. நான் வருவதற்குள் வயரை மாட்டிவிடாதே, சேர்ந்து மாட்டலாம்.

கோபம் தணிந்தால் உன் புருஷனுக்கு ஒரு மெசேஜ் போடு.

பி.கு: அந்த மூன்று வளைவுக்குள் உன் காரை ஒன்பது முறை சுவரில் மோதினேன். உன் அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடாதே, தாயே!