கூப்பிடாமல் வருகிறவளுக்கு

இன்று காலை வார்டில் ஓர் அம்மா, காய்ச்சலில் கிடந்த மகனுக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த கட்டிலில் குளுக்கோஸ் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தேன். தோல் கிழிந்த வாசனை மூக்கில் ஏறியது. கை அங்கேயே நின்றுவிட்டது. நான் நாரணாபுரத்தில், சர்ச்சுக்குப் பின்னால், உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நாம் பள்ளிக்கூடம் போன காலத்துக் கிறிஸ்துமஸ். ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு கொடுப்பார்கள். நீ சர்ச்சுப் பிள்ளையே இல்லை. எனக்குத் துணைக்கு வந்தவள், வரிசையில் எனக்கு முன்னால் நிற்பாய். பழத்தைத் தின்றுவிட்டு, தோலை மடக்கி மெழுகுவத்திச் சுடருக்கு நேரே பிதுக்குவாய். சடசடவென்று பொறி பறக்கும். "பாத்தியாட்டி, நம்ம சொந்தக் கம்பெனி மத்தாப்பு" என்பாய். மிச்சத்தை என் கண்ணில் பீய்ச்சிவிட்டு ஓடுவாய்.

"சிஸ்டர், எம்புட்டு நேரமாக் கூப்பிடுதேன், இங்கனதான் இருக்கீகளா?" என்று அந்த அம்மா தோளைத் தொட்டபோதுதான் திரும்பி வந்தேன். கண் கலங்கியிருந்தது. தூசி என்று சமாளித்தேன்.

உன்னை நினைக்க வேண்டும் என்று உட்கார்ந்தால் நீ வருவதில்லை. ஒவ்வொரு நினைவு நாளிலும் உன் வீட்டில் மாலை போட்ட படத்தின் முன்னால் நிற்கிறேன். கல்யாணத்தன்று எடுத்த படம். பவுடர் அப்பிய முகம். யாரோ போல இருக்கிறாய். எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அப்போதும் நீ வருவதில்லை. கோவக்காய் நறுக்கும்போது வருகிறாய். மினிபஸ்ஸில் யாரோ கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போடும்போது வருகிறாய். நான் தயாராக இல்லாத நேரமாகப் பார்த்து வருகிறாய்.

நான் நர்சிங் படிக்கப் போனேன். நீ தாயில்பட்டியில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போனாய். பார்க்கும்போதெல்லாம் அதே கேலிதான்: "நீயும் மருந்துதான் குடுக்க, நானும் மருந்துதான் அடைக்கேன். ஒன் சம்பளம் மட்டும் எப்படிட்டி கூட?"

தீபாவளி சீசன் நெருங்கிய ஒரு மதியம், ஏதோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடித்துவிட்டது என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்கள் வந்தன. அது உன் கம்பெனி என்று அப்போது எனக்குத் தெரியாது. இறக்கிய பெண்களில் எவர் முகமும் முகமாக இல்லை. கண்கள் வீங்கி மூடியிருந்தன. ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒரு ஸ்ட்ரெச்சரில் குனிந்து, "அம்மா, பேரு சொல்லுங்கம்மா" என்றேன்.

"ஏட்டி, என்னைய எப்பருந்து அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்ச?"

நீ என் குரலைக் கண்டுபிடித்துவிட்டாய். நான்தான் உன்னைக் கண்டுபிடிக்கவில்லை.

அன்று பிற்பகல் முழுக்கத் தெளிவாகப் பேசினாய். தண்ணீர் கேட்டாய். யார் யாரைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கேட்டாய். "எனக்கு அம்புட்டா வலி இல்லட்டி. லேசாத்தான் பட்டுருக்கும் போல" என்றாய். தீக்காயத்தில் வலி தெரியவில்லை என்றால் நரம்பு வரை வெந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். உன் காலடியில் போர்வையைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"புள்ளைக்குச் சடை பின்னணும். அவுக அப்பா சோறு பொங்கிருவாக, சடைதான் வராது."

"நான் பின்னி விடுதேன். நீ எந்திரிச்சு வார வரைக்கும்."

"வந்துருவேன்லட்டி?"

நான் வாய் திறப்பதற்குள் நீயே, "சரி, அந்த ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு" என்றாய். என்னைப் பதில் சொல்ல விடவில்லை. பொழுது சாயச் சாயப் பேச்சு குழறியது. மறுநாள் விடிந்தபோது நீ இல்லை.

உன் மகளை உன் வீட்டுக்காரர் என் தெருவுக்கே கூட்டிவந்துவிட்டார். காலையில் டூட்டிக்குப் போகும் வழியில் பின்னிவிடுவேன். முதல் கொஞ்ச நாள் தலையை மட்டும் காட்டிவிட்டு, பின்னியதும் ஓடிவிடுவாள். பிறகு ஒருநாள், "அம்மா இம்புட்டு இறுக்கமாப் பின்னாது அத்தை" என்றாள். அவிழ்த்துவிட்டு, அவள் சொல்லச் சொல்லப் பின்னினேன். இப்போது கல்லூரிக்குப் போகிறாள். தானே பின்னிக்கொள்கிறாள். சிரித்தால் நீதான்.

அதற்குப் பிறகும் சீசன்தோறும் ஆம்புலன்ஸ்கள் வருகின்றன. நான் இப்போது யாரிடமும் முதலில் பெயர் கேட்பதில்லை. கட்டிலருகே குனிந்து, "நான் ஜெபா. நாரணாபுரத்துக்காரி. ஒங்க பக்கத்துலதான் நிக்கேன்" என்று சொல்கிறேன். கண் மூடிக் கிடப்பவர்களுக்கு, தங்களைத் தொடுவது யார் கை என்று தெரிய வேண்டும். சொல்லிவிட்டு ஒரு கணம் பேசாமல் நிற்பேன். அவர்கள் பெயர் சொல்வதற்காகக் காத்திருக்கிறேன் என்று கூட இருக்கும் நர்ஸ்கள் நினைக்கிறார்கள்.

அந்த ஒரு கணம், யாராவது என்னை 'ஏட்டி' என்று கூப்பிட்டுவிடுவார்களோ என்று நிற்கிறேன்.