1958-ஆம் ஆண்டின் கீழ்

நெய்வேலி,
14-9-1961

அன்புள்ள அம்சவல்லிக்கு,

நலம் என்று எழுதினால் பொய். நாலு நாளாக என் சமையலை நானே சாப்பிடுகிறேன். பின்வேலிக்குக் கதவில்லாததால் ஆடு நுழைந்து உன் அவரைக்கொடியை மேய்ந்துவிட்டது. செங்கமலத்தின் மரப்பாச்சி ஜன்னலிலேயே கிடக்கிறது.

வாசகசாலை விழாவில் நான் எழுதிவரும் நெய்வேலி ஆண்டுக்குறிப்பைப் படித்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். 1958-இன் கீழ் "ஊரார் மகிழ்ச்சியுடன் நிலம் விட்டு அகன்றனர்" என்று வந்ததும் முன்வரிசையில் இருந்த உன் அப்பா எழுந்து போனார். நீயும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவரோடு கம்மாபுரத்துக்கு பஸ் ஏறிவிட்டாய். ஒரு சொல்லுக்காகவா? விழாவில் படிப்பதாயிற்றே, கொஞ்சம் களையாக இருக்கட்டும் என்று நானாகத்தான் சேர்த்தேன். யாரும் சொல்லி எழுதவில்லை. கோபம் தீர்ந்து வந்துவிடு.

உன்,
வைத்திலிங்கம்


கம்மாபுரம்,
18-9-1961

அன்புள்ள அத்தானுக்கு,

"அப்பா எங்க?" என்று செங்கமலம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கும் உங்களைப் பார்க்க ஆசைதான். கோபம்தான் விடவில்லை.

கல்யாணமான புதிதில் சொன்னீர்களே: "மெய்க்கீர்த்தி அரசனுக்காக எழுதுவது. அதில் தோற்ற போரே இருக்காது. ஆண்டுக்குறிப்பு பின்னால் வருகிறவர்களுக்காக எழுதுவது. கண்ணால் கண்டதை, நடந்த ஆண்டின் கீழ், நடந்தபடி எழுதவேண்டும்." எவ்வளவு பெருமையாகக் கேட்டேன்! இப்போது நீங்களே மெய்க்கீர்த்தி பாடியிருக்கிறீர்கள்.

சுரங்கத்துக்காக ஊரைக் காலி செய்த அன்று நீங்களும் இருந்தீர்கள். அப்பா வாசற்கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றினார். அப்புறம் என்ன செய்தார்? நீங்கள்தானே போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தீர்கள்? அந்தக் கதவு இங்கே அண்ணன் வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. எந்த நிலைக்கும் பொருந்தவில்லை.

அப்பா உங்களைத் திட்டவில்லை. "மாப்பிள்ளை நல்லாத்தான் எழுதிக்கினு இருக்காரு. ஆனா அதுல சொல்ற ஆளு நானில்ல" என்றார். நம் மகள் வளர்ந்து அந்த ஏட்டைப் படித்து, தாத்தா சிரித்துக்கொண்டே ஊரைவிட்டு வந்தார் என்று நம்புவாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அம்சவல்லி


நெய்வேலி,
25-9-1961

என் அம்சவல்லிக்கு,

எதையும் மறக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழித்தால் நான் பொய் எழுதியதும் மறைந்துபோகும். அதனால் அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு மட்டும் போட்டேன், இன்னும் படிக்கலாம். அதன் கீழே எழுதியது இது:

"1958. ஊரார் நிலம் விட்டு அகன்றனர். கண்ணையன் தன் வீட்டுக் கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றினார். வண்டி நகர்ந்ததும் இறங்கி, வீட்டைப் பூட்டத் திரும்பிப் போனார். சாவி கையில் இருந்தது. கதவு வண்டியில் இருந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றார். எழுதுபவன் இதைக் கண்டான். மகிழ்ச்சி என்று முன்பு எழுதியது தவறு."

நேற்று வாசகசாலையில் இதையும் படித்தேன். யாரும் கை தட்டவில்லை. என்னோடு ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் குஞ்சிதபாதம் மட்டும் எழுந்து, "எங்கம்மா அம்மிக்கல்லத் தூக்கிக்கினு வந்துதுங்க. அதையும் எழுதிக்குங்க" என்றார். எழுதிக்கொண்டேன்.

மாமாவுக்குப் படித்துக் காட்டு. நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். 1961-இன் கீழே "அம்சவல்லி வீடு திரும்பினாள்" என்று எழுதக் கை துடிக்கிறது.

உன்,
வைத்திலிங்கம்


கம்மாபுரம்,
28-9-1961

அன்புள்ள அத்தானுக்கு,

அப்பா இரண்டு தரம் படிக்கச் சொன்னார். "நான் பூட்டப் போனத மாப்பிள்ளை பாத்தாரா? சும்மா நின்னத மட்டுந்தான் பாத்தாருன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். அழுதார். நானும் அழுதேன்.

பிறகு கயிறு எடுத்துக் கதவின் அகலத்தை அளந்தார். நம் பின்வேலிக்குச் சரியாக இருக்குமாம். "இல்லன்னா வேலிய நகத்திக்கலாம்" என்கிறார். பூட்டையும் சாவியையும் மடியில் முடிந்து வைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வண்டியில் அப்பா, நான், செங்கமலம், கதவு எல்லாரும் வருகிறோம். அதற்குள் அவசரப்பட்டு ஏட்டில் எழுதிவிடாதீர்கள். நாங்கள் வாசலில் இறங்கியதைக் கண்ணால் கண்ட பிறகு எழுதுங்கள்.

உங்கள்,
அம்சவல்லி