எளிய பாதை, நாற்பது நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்

மூன்று பல்செட் முடித்தேன். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது என் தயவில். அதில் முக்கால்வாசி என்னைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

மாலை அக்காவுடன் தொண்டை டாக்டரிடம் போனேன். அவர் தாளில் படம் வரைந்து காட்டினார். அக்காவுக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும், பத்தொன்பதாம் தேதி. கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு இனி அதன் வழியாக. குரல் வராது.

அக்கா கரகரத்த தொண்டையோடு கேட்டாள்: "அம்பது வருஷமா என் தொண்டையில முள்ளா நிக்கிறவன் இவன்தான் டாக்டர். இவன எடுத்துட்டா போதாதா?"

டாக்டர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். பஸ்ஸில் வீடு வரும்வரை இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தோம். ஒரே ஜன்னல்.

மார்ச் 5

மேல்தாடைச் செட்டில் கீழ்த்தாடைப் பல்லைப் பதித்துவிட்டேன். முப்பது வருடத்தில் முதல் முறை.

மார்ச் 8, சனி

அக்கா யார்? குடிநீர் அலுவலகத்தில் புகார் பிரிவு. இந்த ஊருக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று முப்பது வருடம் தொலைபேசியில் விளக்கம் சொன்னவள். ஓய்வு பெற்றபின் அந்த வேகம் முழுவதும் என் தலையில் இறங்கியது. தினமும் காலை மாடியிலிருந்து நான் பல் செய்யும் கூடத்துக்கு இறங்கி வருவாள், நாற்காலியை இழுத்து என் எதிரில் போடுவாள், ஊர்வம்பு தொடங்கும். மருந்துக்கடைக்காரர் மீசைக்கு மட்டும் மை அடித்துப் புருவத்தை விட்டுவிட்டது வரை எனக்குத் தெரியும். எனக்கு இதைவிட்டால் வேறு பொழுதுபோக்கு கிடையாது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

ஒரு திட்டம். நாளை அருவிக்கு அழைத்துப் போகிறேன், சின்ன வயதில் அப்பாவோடு போன அதே பாதை. சட்டைப்பையில் கைப்பேசி பதிவில் ஓடிக்கொண்டிருக்கும். போக வர எண்பது நிமிட அக்கா. எனக்குப் போதும்.

போதுமா?

மார்ச் 9, ஞாயிறு

பாதை தொடங்கும் இடத்தில் அதே பலகை. 'எளிய பாதை. நாற்பது நிமிடம். குழந்தைகளும் முதியோரும் செல்லலாம்.'

"இதுல நாம எதுடா?" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. நானும் தூண்டில் போட்டுப் பார்த்தேன். "மருந்துக்கடைக்காரர் வீட்டுல பொண்ணு பாக்க வந்தாங்களாமே?" ம். "எதிர்வீட்டம்மா கார் ஓட்டக் கத்துக்கிறாங்களாமே?" ம்.

"பேசேங்க்கா."

"பேசு பேசுன்னா என்னத்தடா பேசுறது? மூச்சு வாங்குது, சும்மா வா."

மரப்பாலம் தாண்டியதும் இரைச்சல் கேட்டது. அருவி முன் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அங்கே ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழாது. சின்ன வயதில் எங்களுக்கு அதுதான் வசதி. அப்பா எதிரிலேயே நின்று, உதட்டை மட்டும் அசைத்து அவரைக் கன்னாபின்னாவென்று திட்டுவோம். பிள்ளைகள் அருவியைப் புகழ்கிறார்கள் என்று அவரும் தலையாட்டுவார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். உதடு அசைந்தது. மருந்துக்கடையில் தொடங்கினாள், எதிர்வீட்டம்மா காரோடு தபால்பெட்டியில் இடித்தது, அலுவலகத்தில் அவளுடைய பழைய மேலதிகாரியின் மூன்றாவது பல்செட் — அதைச் செய்தவனே நான்தான், எனக்கே தெரியாத சேதி சொன்னாள். கால் மணி நேரம் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பிறகு உதடு மெல்ல அசைந்தது. "பயமா இருக்குடா."

தெளிவாகப் பார்த்தேன். வாயைப் பார்த்தே பிழைப்பவன் நான். ஆனாலும் காதருகே கையை வைத்து 'என்ன?' என்று தலையை ஆட்டினேன்.

அவள் 'ஒண்ணுமில்ல' என்றாள். இறங்கிவிட்டோம்.

மார்ச் 10

கைப்பேசியைப் போட்டுக் கேட்டேன். செருப்புச் சத்தம். என் பேச்சு. அவளுடைய ஒரு கேள்வி, இரண்டு 'ம்', ஒரு 'சும்மா வா'. பிறகு இருபது நிமிடம் தண்ணீர் விழுகிறது. அங்கே எதுவும் காதில் விழாது என்று ஐந்து வயதிலிருந்து தெரிந்த மடையன், அதைப் பதிவு செய்து வந்திருக்கிறேன்.

அதுகூடப் பரவாயில்லை. ஏன் புரியாத மாதிரி நடித்தேன்? என்ன சொல்லியிருப்பேன், 'எனக்கும்தான்' என்றா? சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

மார்ச் 19

எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வீட்டுக்கு வந்து மூன்று நாள். கழுத்துத் துளையின் மேல் வெள்ளைத் துணி. எழுதிக் காட்ட ஒரு பலகை வாங்கி வந்தேன். 'நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?' என்று ஒரே ஒருமுறை எழுதினாள். அதோடு பலகை அலமாரிமேல் ஏறிவிட்டது. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி கொடுத்தார்கள். வைத்து என் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். லிஃப்ட் கதவு பேசுகிற மாதிரி வந்தது. நான் சிரித்துத் தொலைத்தேன். பழக்கதோஷம். கருவி மேசை இழுப்பறைக்குள் போனது.

ஏப்ரல் 24

இறங்கி வருவதே இல்லை. நான் மாடிக்குப் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். "உதட்ட அசைங்க்கா, எனக்குப் புரியும்" என்றால் வாயை இறுக்கி மூடுகிறாள். பார்க்க வருகிறவர்கள் அவளிடம் காது கேளாதவர்களிடம் கத்துவதுபோல் கத்துகிறார்கள். போனபின் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

என் மனைவி சொன்னாள்: "உங்க அக்கா தம்பி பேச்சு எப்படா நிக்கும்னு இருபது வருஷமா வேண்டாத சாமி இல்ல. இப்போ கடிகாரச் சத்தம் கேக்குதுங்க. பயமா இருக்கு."

இவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள், அதே வார்த்தையை.

மே 2

அந்தத் தண்ணீர்ச் சத்தத்தை இன்றும் கேட்டேன். எதற்கு? தெரியவில்லை. என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

மே 11, ஞாயிறு

துளைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக்கூடாது, சாரல் படாத தூரத்தில் நிற்கலாம் என்றார் டாக்டர். கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனேன். நாற்பது நிமிடப் பாதைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு நடுவயதுத் தம்பதி எங்களைத் தாண்டிப் போகும்போது அவளிடம் வழி கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பி ஓடிவிடுவாள் என்றே நினைத்தேன்.

கம்பிக்குப் பத்தடி பின்னால் நின்றோம். அந்தத் தம்பதி எங்கள் பக்கத்தில் ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆ? என்ன? ஆ? ஒன்றும் கேட்கவில்லை. அக்கா அவர்களை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அந்தாளு கட்டியிருக்கிறது உன் பல்செட்டாடா? ஆடுது."

அப்படியே படித்தேன். ஒரு எழுத்து தவறவில்லை.

அதற்கப்புறம் உதடு அசைந்தது: "அன்னிக்கு நான் சொன்னது புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா. அப்பவே புரிஞ்சுது."

"தெரியும்டா, கழுதை."

நானும் சத்தமில்லாமல்தான் அழுதேன். அங்கே சத்தம் போட்டு மட்டும் என்ன பயன்.

பாலத்தைத் தாண்டி இறங்க இறங்க இரைச்சல் குறைந்தது. அவள் உதடும் மூடிக்கொண்டது. வீடுவரை மூடியே இருந்தது. அவ்வளவுதான் போலிருக்கிறது. அதற்காக வாரம் ஒருமுறை மலையேற முடியுமா?

மே 12, திங்கள்

காலையில் வேலை ஓடவில்லை. படியில் செருப்புச் சத்தம். அக்கா என்னைத் தாண்டிப் போய் வாஷிங் மெஷினைத் திருகி ஓடவிட்டாள். இரைச்சலில் வீடு அதிர்ந்தது. உள்ளே ஒரு துணிகூட இல்லை.

நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டாள்.