செம்பருத்திக்குப் போன தண்ணீர்

என் ஃப்ளோரன்ஸுக்கு,

முகம் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. அதனால் இந்தச் சீட்டை உன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இன்று டயாலிசிஸ் இல்லை. வீக்கம் வடிந்து கணுக்கால் எலும்பு தெரிகிறது. குமட்டலும் மூச்சிரைப்பும் போயின. ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று உன்னையே யாரென்று கேட்டேனாமே! நான்கு நாளாகச் சொட்டுச் சொட்டாக வந்த சிறுநீர் காலையில் அரை லிட்டர் இறங்கியது. சிஸ்டர் வார்டே கேட்கும்படி, "கிட்னி வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சுங்க! டாக்டர் உங்கள நல்லா தண்ணி குடிக்கச் சொல்லிட்டாரு" என்றார்.

அந்த நேரம்தான் நெஞ்சு உறுத்தியது.

தினமும் தறிப்பக்கம் நீ வைத்த பாட்டில் தண்ணீரை நான் குடித்ததே இல்லை. குடித்தால் சிறுநீர் கழிக்க அடிக்கடி தறிக்குழியை விட்டு ஏறிப் போகணும், கல்யாணச் சேலை தாமதமாகும் என்று பயம். இடுப்புவலி மாத்திரைகளைக்கூட எச்சிலோடு விழுங்கினேன். காலி பாட்டிலைப் பார்த்து நீ சந்தோஷப்படுவாய். "இந்த வெயில்லயும் செம்பருத்தி மட்டும் எப்படி பூத்துகினே கீது?" என்று கேட்டாயே, ஜன்னல் வழியாக நான் ஊற்றிய தண்ணீர்தான்.

சாயங்காலம் வந்து திட்டு. ஆனால் நாளையிலிருந்து அந்தச் செடிக்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றிவிடு. என் பங்கு இனி அதற்குக் கிடைக்காது.

உன் புளுகன்