கொடும்பாவிக்குக் கொடுத்த சட்டை

திருத்தணி
26-7-46

அன்புள்ள பாவாவுக்கு,

நானும் எருதுகள் இரண்டும் சுகம். வானம்தான் சுகமில்லை. கிருத்திகைக்கு வந்த காவடிக்காரர்கள் மலைப்படியில் சூடு தாங்காமல் துள்ளினார்கள். விதைக்கடலை உரிக்காமலே கிடக்கிறது.

நேற்று மழை வேண்டி நம் தெருவில் கொடும்பாவி இழுத்தார்கள். வைக்கோல் ஆளுக்குச் சட்டை வேண்டும் என்று கஜபதி அண்ணன் கேட்டார். உங்கள் பழைய கோடு போட்ட சட்டையைக் கொடுத்தேன். மாட்டியதும், "அய்யே, நம்ம தொரக்கண்ணே பட்னத்துலேர்ந்து வந்து படுத்துகினு கீற மாரி இல்ல!" என்று தெருவே சிரித்தது. ஊருக்காக ஒப்பாரி வைக்கப் போன நான் நிஜமாகவே அழுதுவிட்டேன். கொள்ளி வைக்கும்போது பொறுக்கவில்லை. சட்டையை உருவிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

"கொடும்பாவிய அம்மணமா கொளுத்தினா மழ எப்டிம்மா வரும்?" என்று அண்ணன் வாசலில் நின்று கத்தினார். இனி மழை வராத பழியெல்லாம் என் தலையில்தான்.

ஆடிக்குள் பெய்யாவிட்டால் எருதுகளை விற்றுவிட்டுச் சென்னைக்கு வந்துவிடு என்கிறீர்கள். எனக்கு மனசே இல்லை. கொஞ்சம் பொறுங்கள்.

உங்கள்
பாஞ்சாலி

சென்னை
31-7-46

பாஞ்சாலிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைக் கூட வேலை செய்பவர்களுக்குப் படித்துக் காட்டினேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் இப்போது எனக்குப் பெயரே கொடும்பாவி. ஊர்ப் பாவத்தைச் சுமக்க என் சட்டைதானா கிடைத்தது? சரி, கொடுத்தாய். கொடுத்ததைப் பிடுங்குவார்களா? ஆனாலும் நீ அழுதாய் என்று படித்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எருதுகள் விஷயத்தில் பேச்சு மாறாது. இருந்த வைக்கோலையும் கொளுத்திவிட்டீர்கள், அவை எதைத் தின்னும்? பட்டினியில் சாவதைப் பார்க்க என்னால் ஆகாது. ஆடிக் கடைசியில் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலேறு.

உன் புருஷன்
துரைக்கண்ணு

திருத்தணி
14-8-46

பாவா, மழை!

நேற்று எருதுகளை ஓட்டிப்போக ஆள் வந்தான். நீங்கள் சொன்னபடிதான் அனுப்பினேன். பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பிய பக்கம் நகரி மலை இருட்டிக்கொண்டு வந்தது. அவன் தெருமுனை தாண்டுவதற்குள் கொட்டியது பாருங்கள்! ஓடிப்போய்க் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டேன். கொடுத்ததைப் பிடுங்குவது எனக்குப் பழகிவிட்டது.

கஜபதி அண்ணன் நனைந்துகொண்டே வந்து, "அம்மணமா கொளுத்தினாதான் மழ வரும்னு நான் அப்பவே சொன்னேனா இல்லியா?" என்றார். ஆங், சொன்னீங்க என்றேன். சண்டை போட எனக்கு நேரமில்லை, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ராத்திரி முழுக்கப் பெய்தது. நிலம் நன்றாக ஊறியிருக்கிறது. ஏர் பிடிக்க ஆள் கூப்பிடலாம். எனக்கு நீங்கள்தான் வேண்டும். துவைத்துப் போட்ட உங்கள் சட்டை கொடியில் நனைந்து கிடக்கிறது. வந்துவிடுங்கள்.

பாஞ்சாலி

சென்னை
16-8-46

பாஞ்சாலிக்கு,

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். "போய்யா, போய் ஏர ஓட்டு, கொடும்பாவி" என்று சிரித்தார். நாளை மறுநாள் காலை ரயிலில் வருகிறேன். ஆள் யாரையும் கூப்பிடாதே.

அந்தச் சட்டை காய்ந்தாலும் சரி, காயாவிட்டாலும் சரி, எடுத்து வை. அதைப் போட்டுக்கொண்டுதான் வயலுக்குப் போவேன். என்னை இழுத்துக்கொண்டு போன தெரு, நான் நடந்து போவதையும் பார்க்கட்டும்.

துரைக்கண்ணு